சீனியைத் தனியாக வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட்டில் ஏறக்குறைய எந்தச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்து ஒரு தே கேட்டாலும், அதில் சீனி எவ்வளவு என்பதைக் குடிக்கிறவர் முடிவு செய்வதில்லை, கலக்குகிறவர்தான் முடிவு செய்கிறார். கோயிலில் அப்படித்தான், கல்யாண வீட்டில் அப்படித்தான், பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச் சாலையிலும் அப்படித்தான். உடல் எடையைப் பற்றியும் இனிப்புநீர் என்கிற நீரிழிவைப் பற்றியும் நம் நாளிதழ்களில் வாராவாரம் ஏதாவது வருகிறது, வானொலியில் டாக்டர்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள், எல்லாரும் கடைசியில் 'நாக்கைக் கட்டுங்கள்' என்றுதான் முடிக்கிறார்கள். நாக்கைக் கட்டச் சொல்வதற்கு முன்னால், அந்த நாக்குக்கு நேராக நாம் நீட்டுகிற கிளாஸைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. சீனியைக் கலந்து கொடுக்காதீர்கள், தனியாக வையுங்கள், வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும்.

நான் டாக்டர் இல்லை, தையல்காரி. டவுனில் சின்னக் கடை வைத்து ஜாக்கெட், பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை எல்லாம் தைக்கிறேன். ஆளுக்கு ஆள் அளவு எழுதி வைக்கிற பழைய நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்ட பெண் பிள்ளைக்குக் காது குத்தும்போது வருகிறாள், அப்புறம் தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிறாள், ஒவ்வொரு முறையும் இடுப்பளவைப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. "அக்கா, பக்கத்தில் கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள், பிறகு பிரித்துக்கலாம்" என்று சொல்லாத பெண்கள் இப்போது அபூர்வம். முன்பெல்லாம் பிள்ளை பெற்றவர்கள் சொல்வார்கள். இப்போது படிவம் மூன்று, நான்கு படிக்கிற பிள்ளைகளின் அம்மாமாரும் மகளுக்காக அதையே சொல்கிறார்கள். முதலாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைக்கு நான்காம் ஆண்டுப் பிள்ளையின் அளவில் சீருடை வெட்டும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தப் பிள்ளை தானாகக் கடைக்குப் போய் எதையும் வாங்கிக் குடிக்கவில்லையே, நாம்தானே கொடுத்தோம்.

அரசாங்கமே எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 2019இல் எடுத்ததில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர். 2023 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6 ஆக இறங்கியது, சந்தோஷம்தான், ஆனால் அதே கணக்கெடுப்பில் பெரியவர்களில் பாதிக்கு மேல், 54.4 சதவீதம் பேர், அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் என்று வந்தது. இனிப்புநீர் உள்ளவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது என்பதும் அதில் வந்தது. நம் ஆட்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். தெற்காசிய உடம்புக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேருகிற வாகு அதிகம், அதனால் பார்வைக்குக் குண்டாக இல்லாதவருக்கும் நோய் வந்துவிடுகிறது. ஆசியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழில் கணக்கில் சொன்னால் பெண்களுக்கு முப்பத்தொன்றரை இஞ்ச், ஆண்களுக்கு முப்பத்தைந்தரை இஞ்ச். டேப்பை விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்டபிறகு பார்க்க வேண்டும், வயிற்றை எக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. என் கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் அளந்து சொல்கிறேன், காசு வாங்குவதில்லை.

இதெல்லாம் சோம்பேறித்தனத்தால் வந்தது என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதே இல்லை. எங்கள் அம்மா பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போய், ஒரு நாளைக்கு 400, 500 மரம் வெட்டி, மங்கு துடைத்து, பால் எடுத்து, வாளியைச் சுமந்துகொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கி ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது உச்சி வெயில். அந்த உடம்புக்கு டின் பால் ஊற்றிய காப்பியும் ஒரு குண்டான் சோறும் அப்படியே கரைந்து போனது. விடிகாலையில் அடுப்பு மூட்டிச் சமைக்க நேரமில்லாத ஜனங்களுக்கு, குளிர்பெட்டி இல்லாத லயத்து வீட்டில், கெட்டுப் போகாமல் இருக்கிற பால் என்றால் அந்தத் தகர டின்தான். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், தோட்டங்களை விற்றார்கள், ஜனங்கள் தாமானுக்கு வந்து தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ செய்கிற வேலை. வேலை மாறிவிட்டது, காப்பி மாறவில்லை. பாட்டி கலந்த அதே அளவில்தான் இன்றைக்கும் கலக்குகிறோம், சொல்லப்போனால் அன்று ஒரு நாளைக்கு இரண்டு வேளை குடித்ததை இன்று நான்கு வேளை குடிக்கிறோம்.

அந்தக் கிளாஸுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம். கடையில் ஊற்றுகிற டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. தகரத்தில் ஒட்டியிருக்கிற தாளைப் படித்தால் பல டின்களில் 'கிரிமர்' என்றுதான் இருக்கும், பாலின் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்தது. ஒரு தே தாரிக்குக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் கிட்டத்தட்ட 20 கிராம் சீனி, அதாவது ஐந்து தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, ஒரு நாளைக்குச் சேர்க்கிற சீனி மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், அதிலும் பாதியாக இருந்தால் நல்லது என்று. சராசரி ஆளுக்கு அந்தப் பாதி அளவு 25 கிராம், ஆறு தேக்கரண்டி. காலையில் பசியாறும்போது குடிக்கிற ஒரு கிளாஸிலேயே அது ஏறக்குறைய தீர்ந்து போகிறது. ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் என்று வைத்தால் 60 கிராம், மாதத்துக்கு 1.8 கிலோ சீனி, தே மூலமாக மட்டும். சிராப் பண்டோங், மைலோ ஐஸ், பாசார் மாலாமில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிற தண்ணி வகை, கேசரி, லட்டு எதையும் இதில் சேர்க்கவில்லை. தட்டில் இருக்கிற லட்டைப் பார்த்தால் "ஐயோ, ஒண்ணு போதும்" என்று சொல்கிற அதே ஆள் கிளாஸில் இருக்கிறதை யோசிக்காமல் குடித்துவிடுகிறார். திரவமாகப் போகிற சீனி வயிற்றை நிறைப்பதும் இல்லை, குடித்துவிட்டு அதே அளவு ரொட்டி சானாயையும் சாப்பிட முடியும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சீனிக்குக் கொடுத்து வந்த மானியத்தை 2013 அக்டோபரில் நிறுத்தினார்கள். 2019 ஜூலை 1 முதல், 100 மில்லி லிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருக்கிற பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. பிறகு அதை 50 சென் ஆக்கி, 2025 முதல் 90 சென்னுக்கு உயர்த்தினார்கள். கம்பெனிகள் வரிக்குப் பயந்து டின் பானங்களில் சீனியைக் குறைத்தார்கள், அது நல்ல விஷயம். ஆனால் அந்த 5 கிராம் எல்லைக்குள் இருக்கிற பானமும் ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 75 கிராம் வரைக்கும் போகும் என்பதை வீட்டில் பெரிய போத்தல் வாங்கி வைக்கிறவர்கள் மறந்துவிட வேண்டாம். அதோடு, இந்த வரி தொழிற்சாலையில் அடைத்து வருகிற பானத்துக்கு. கடையில் கண்ணெதிரே ஆற்றிக் கொடுக்கிற தே தாரிக்குக்கு எந்த எல்லையும் இல்லை. புத்ராஜெயாவில் போடுகிற சட்டம் நம் ஒட்டுக்கடை வரைக்கும் வராது, ஒட்டுக்கடையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீனி போடாத கோசோங் கேட்டால் கொடுக்கிறார்களே, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். கொடுக்கிறார்கள். "அண்ணே, ஒரு தே ஓ கோசோங்" என்று சொன்னதும், "என்னம்மா, உங்களுக்கும் வந்துடுச்சா?" என்று அக்கறையோடு கேட்கிறார்கள், பக்கத்து மேசையில் இருக்கிறவர் திரும்பிப் பார்க்கிறார். நம்மிடத்தில் சீனி இல்லாமல் குடிக்கிறவர் என்றால் நோயாளி. கல்யாண வயசில் இருக்கிற பெண் கோசோங் கேட்டால் போச்சு, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் நோய் வரும்வரை யாரும் கேட்பதில்லை, வந்தபிறகு கேட்கிறார்கள். இனிப்பைக் குறைக்கச் சொல்லிக் கூராங் மானிஸ் என்று கேட்டாலும், கலக்குகிறவர் கைப்பழக்கத்தில் டின்னைக் கவிழ்த்து ஒரு சொட்டுக் குறைத்து ஊற்றுகிறார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சீனி போடாமல் கொடுத்தால் இன்னும் மோசம், மரியாதைக் குறைவு. போன வீட்டில் "வேண்டாம்" என்றால் "ஏன், எங்க வீட்டுத் தண்ணி ஆகாதா?" என்று கேட்பார்கள். நாலு வீடு ஏறி இறங்கிப் பத்திரிகை வைக்கிறவர் ஒரு சாயங்காலத்தில் நாலு கிளாஸ் சீனித் தண்ணி குடித்தாக வேண்டியிருக்கிறது. அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் தனி மனுஷர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் முடியாமல் போகிறது. சீனி மேசைமேல் தனியாக இருந்தால் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இனிப்புநீருக்கு மாத்திரை எடுக்கிறவர், எனக்கு அரசாங்க கிளினிக்கில் 'இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, எடையைக் குறைங்கள்' என்றார்கள். நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, சோற்றை விடவில்லை. முதலில் டின் பாலை வீட்டுக்குள் வாங்குவதை நிறுத்தினோம், பசும்பாலும் தனியாகச் சீனியும் என்று மாற்றினோம். அப்போதுதான் எவ்வளவு போடுகிறோம் என்பதே கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு கரண்டி போட்ட இடத்தில் ஒன்றரை, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று, அப்புறம் அரை. ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் மறுநாளே பழையபடி ஆகியிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். நாக்கு மெதுவாகப் பழகும், பழகியபிறகு பழைய அளவு தித்திப்பு தாங்க முடியாது. இப்போது கடைத் தே ஒரு வாய் குடித்தால் எனக்குத் தொண்டை கட்டுகிறது. இஞ்சி தட்டிப் போட்டு, ஏலக்காய் ஒன்று நசுக்கிப் போட்டால் சீனி குறைந்தது அவ்வளவாகத் தெரியாது, இதைத் தைரியமாகச் சொல்வேன்.

வாய் இனிப்புக் கேட்கிற நேரம் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். எனக்கு மாலை 3, 4 மணி, தையல் மிஷினில் கண் சொருகுகிற நேரம். அது ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டதுதான் எனக்கு மிகவும் உதவியது. காலையில் வெறும் ரொட்டியும் இனிப்புத் தேயுமாகப் பசியாறினால் இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறும், அதை இறக்க இன்சுலின் சுரக்கும், கொஞ்ச நேரத்தில் இறங்கியதும் உடம்பு மறுபடி இனிப்பைத் தேடும். அந்தத் தேடலைத் தீர்க்க நாம் இன்னொரு கிளாஸ் குடிப்போம், அது மறுபடி ஏறும், இறங்கும். ஆகவே சாயங்காலத்து ஆசையைக் காலையிலேயே கவனிக்க வேண்டும். ரொட்டி சானாய் ஒன்று ஏறத்தாழ 300 கலோரி, பெரும்பாலும் மாவும் எண்ணெயும்தான். அதற்குப் பதில் இரண்டு தோசையும் கெட்டியான பருப்புச் சாம்பாரும், அல்லது அவித்த முட்டையோடு இட்லியோ எது முடியுமோ அது, புரதம் கொஞ்சம் இருக்க வேண்டும். மத்தியானத் தட்டுக்குச் சுகாதார அமைச்சு சொல்கிற 'சுக்கு சுக்கு செபாரோ', அதாவது கால், கால், பாதி என்கிற முறை நல்ல முறை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும். நம் வீடுகளில் முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் கீரை. இதைத் திருப்பிப் போடச் செலவு ஒன்றும் அதிகம் இல்லை. எங்கள் ஊரில் வேலியோரம் முருங்கை நிற்காத தெரு கிடையாது, கங்குங்கும் பசலையும் சந்தையில் மலிவு, கெம்போங் மீன் ரொம்ப விலை போகாத நாளில் வாங்கிக் குழம்பு வைக்கலாம், இல்லையென்றால் நெத்திலி, தெம்பே, முட்டை. சாயங்காலத்துக்கு ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல் அவித்து வைத்துவிடுவேன். கொய்யா இருந்தால் கொய்யா.

அப்படியும் வாய் கேட்கத்தான் செய்யும். கேட்கும்போது ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு, வாசல் வரைக்கும் போய், பக்கத்துக் கடை அக்காவிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன். பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிடுவேன், உட்கார்ந்து, தட்டில் போட்டு, தீபாவளிப் பலகாரமாக இருந்தால் ருசித்து. தூங்காத மறுநாள் இந்த ஆசை ரெண்டு மடங்கு. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டுகிற சுரப்பு கூடும் என்று டாக்டர்கள் சொல்வது உண்மைதான், இரவு ஷிப்ட் போகிற என் தங்கச்சி மகளைப் பார்த்தாலே தெரியும். இரவு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அம்மாமார் தெர்மோஸில் இனிப்புக் காப்பி ஊற்றிக் கொடுப்பதற்குப் பதில் ரெண்டு அவித்த முட்டையும் தண்ணீரும் கொடுத்து அனுப்பலாம். எனக்கு எடை மெதுவாகத்தான் இறங்கியது, விசேஷ நாட்களில் நின்றது, மறுபடி இறங்கியது. என் பழைய ஜாக்கெட்டுகளைப் பிரிக்காமலே போட்டுக்கொள்கிறேன். கிளினிக்கில் சீனி எல்லைக்குக் கீழே வந்துவிட்டது என்றார்கள்.

இது என் ஒருத்தியின் கதை என்று விட்டுவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, இனிப்புநீர் வருகிற நிலையில் இருந்த இந்தியர்களை வைத்து மூன்று வருஷம் செய்த ஆய்வை 2006இல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மட்டும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வருகிற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. நம்மைப் போன்ற உடம்பு, நம்மைப் போன்ற சாப்பாடு.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், குலா மெலாக்கா இவற்றுக்கு மாறிவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசனை நன்றாக இருக்கும், ஆனால் உடம்புக்குள் போனால் அதுவும் சீனிதான். இரண்டு கரண்டி கருப்பட்டி இரண்டு கரண்டி சீனியாகத்தான் எண்ணப்பட வேண்டும்.

உடம்பு இளைக்க விற்கிற காப்பித் தூள், ஜூஸ் பொடி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கடைக்கு வருகிற பெண்கள் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள், ஒரு பெட்டி நூறு வெள்ளிக்கு மேல், 'பத்து நாளில் அஞ்சு கிலோ' என்று. இந்த மாதிரிப் பொருட்கள் சிலவற்றில் சிபுட்ராமின் என்கிற மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம் என்று 2010இல் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. பசியை அடக்குவதால் எடை இறங்கத்தான் செய்யும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும். மருந்தாக விற்கிற எதிலும் 'மால்' என்று தொடங்குகிற பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். இல்லாததை வாங்காதீர்கள், கைபேசியில் தெரிந்தவர் விற்றாலும் வாங்காதீர்கள். விளம்பரம் போடுகிற தமிழ் நாளிதழ்களும் வானொலிகளும் அந்த எண்ணைக் கேட்டுவிட்டுப் போட்டால் பெரிய உபகாரமாக இருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஏற்கெனவே இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுக்கிறவர்கள், இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றையும் சீனியையும் வெட்டிவிடக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு திடீரென்று குறைந்தால் இரத்தச் சீனி மிகவும் இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மயக்கமாகிவிடும். என் வீட்டுக்காரருக்குக் குறைத்தபோது கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொண்டுதான் செய்தோம். இன்றும் அவர் சட்டைப் பையில் மிட்டாய் ரெண்டு இருக்கும், மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. அரசாங்க கிளினிக்கில் போய்ப் பார்க்க 1 வெள்ளிதான். உதவித்தொகை பெறுகிற குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசமாகவே சோதிக்கிறார்கள். நம் தாமான்களில் இந்தத் திட்டத்துக்குத் தகுதி உள்ளவர்கள் எத்தனையோ பேர் போகாமல் இருக்கிறார்கள், திட்டம் தெரியாததால் சிலர் போகவில்லை, தெரிந்த சிலர் பயந்துகொண்டு போகவில்லை.

இனி நான் கேட்பது யார் யாரிடம் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் கடைக்காரர்களிடம். தே, காப்பி, எலுமிச்சைத் தண்ணி எல்லாவற்றையும் சீனி இல்லாமல் கொடுங்கள், மேசைமேல் சீனிக் கிண்ணமும் சின்னக் கரண்டியும் வையுங்கள். சின்னக் கரண்டியாக இருக்கட்டும், பெரிய கரண்டி வைத்தால் அர்த்தமில்லை. டின் பால் வேண்டும் என்கிறவருக்குச் சின்னக் குப்பியில் தனியாகக் கொடுங்கள். வியாபாரம் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள், நியாயமான பயம்தான், ஒருவர் மட்டும் செய்தால் ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். அதனால் ஒரு வரிசைக் கடைக்காரர்கள் சேர்ந்து பேசிச் செய்யுங்கள். எங்கள் வட்டாரத்தில் ஓர் அண்ணன் தனியாகவே ஆரம்பித்து நடத்துகிறார், முதல் வாரம் முணுமுணுத்தவர்கள் இப்போது பேசாமல் குடித்துவிட்டுப் போகிறார்கள், சீனிச் செலவு குறைந்தது என்று அவரே சொன்னார்.

கோயில் நிர்வாகங்களிடம் கேட்கிறேன். திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டால் வெறும் தண்ணீரும் உப்பும் கருவேப்பிலையும் போட்ட மோரும் முன்னால் இருக்கட்டும், சிராப் தண்ணி வேண்டுமென்றால் ஓரத்தில் இருக்கட்டும். வெயிலில் நடந்து வருகிற பக்தருக்குத் தாகத்தைத் தீர்க்கிறது மோர், சிராப் குடித்தால் மறுபடி தவிக்கிறது. சர்க்கரைப் பொங்கலை நிறுத்தச் சொல்லவில்லை, பிரசாதம் பிரசாதம்தான், உள்ளங்கை அளவு போதும். தட்டு நிறையக் கொடுத்துவிட்டு அதுவே பசியாறலாக ஆகிவிடுகிறது.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடம் கேட்கிறேன். சிற்றுண்டிச் சாலைக் குத்தகை கொடுக்கும்போது தண்ணீர் வசதியைப் பாருங்கள், பிள்ளைகளுக்கு மைலோ கலந்தால் டின் பால் ஊற்றாமல் கலக்கச் சொல்லுங்கள், தூளிலேயே சீனி இருக்கிறது. விளையாட்டுப் போட்டி நாளில் மேசை மேசையாகக் கலர் தண்ணி ஊற்றி வைக்கிற வழக்கத்தையும் விடலாம். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பழகுவார்கள், ஒரு தவணைக்குள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

வீட்டில் இருக்கிற நாம் எல்லாரும் செய்யக்கூடியது, விருந்தாளி வந்தால் "சீனி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்பது. "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்காமல் விடுவது. பேரப்பிள்ளைக்குப் பால் புட்டியில் சீனி போடுகிற ஆயாமார்களுக்கு இதை மெதுவாகச் சொல்ல வேண்டும், அவர்கள் பாசத்தைக் குறை சொல்லாமல்.

ஆசிரியர் அவர்களே, கோயில் திருவிழாக்களுக்கான கூட்டங்கள் எங்கள் பக்கம் ஆரம்பித்துவிட்டன, சிராப் போத்தல்களும் டின் பால் பெட்டிகளும் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கடிதம் வெளிவந்தால் உதவியாக இருக்கும். வேறு ஊர்களில், பீடோரிலோ கோலகங்சாரிலோ பாகான் செராயிலோ, சீனியைத் தனியாக வைத்து வியாபாரம் நடத்துகிற கடைக்காரர்கள் இருந்தால், வாடிக்கையாளர்களை எப்படிச் சமாளித்தீர்கள், முதல் மாதம் எப்படி இருந்தது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் சிலர் அதைத்தான் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்.